தண்ணீர் வரும், வைக்க இடம் எங்கே?

2025 ஜூன் 29 அன்று முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டது. அந்தப் பருவத்துக்கு ‘ரூல் கர்வ்’ எனும் நீர்மட்ட வரம்பு அனுமதித்த உயரம் அவ்வளவுதான் என்பதால் 13 ஷட்டர்களும் சற்றே உயர்த்தப்பட்டன. உபரி நீர் இடுக்கி அணையை நோக்கிப் போனது. இப்படி நடக்கும்போதெல்லாம் மலைக்கு இந்தப் பக்கம் எழும் ஆதங்கம் நமக்குப் பழக்கமானது: நம் தண்ணீர் போகிறதே! ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தண்ணீர் முழுவதும் இந்தப் பக்கமே வந்திருந்தால் அதை எங்கே வைத்திருப்போம் என்ற கேள்வியையும் கூடவே கேட்டிருக்க வேண்டும். தேனி மாவட்டத்தில் நீருக்காகச் செலவிடப்படும் பொதுப் பணம் அரை நூற்றாண்டாக அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகிறது. கால்வாய்க்குப் பணம் கிடைக்கிறது, குழாய்க்குக் கிடைக்கிறது, மணிமண்டபத்துக்கும் கிடைக்கிறது. ஏற்கெனவே நமக்குச் சொந்தமாக இருந்து, மண் மூடியதால் நாம் இழந்துவிட்ட கொள்ளளவை மீட்பதற்கு மட்டும் நிலையான ஒதுக்கீடு கிடையாது. அடுத்த பத்தாண்டுகளில் இந்தப் பள்ளத்தாக்கில் போடப்படும் முதலீட்டில் முதல் உரிமை அதற்குத்தான் இருக்க வேண்டும்.

இதைச் சொல்வதற்கு இந்த ஆற்றின் தனிக் குணம்தான் காரணம். தமிழ்நாட்டில் எந்த ஆற்றைப் பற்றிப் பேசினாலும் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று தொடங்குவது ஒரு வழக்கம். வைகைக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. வருசநாட்டு மலைகளில் பிறந்து, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் அடங்கும் ஆறு அது. வழியெங்கும் கண்மாய் வெட்டி, ஒன்றின் மறுகால் இன்னொன்றின் வரத்தாகும்படி நம் முன்னோர் அமைத்துவிட்டார்கள். பெருவெள்ள ஆண்டுகள் தவிர மற்ற ஆண்டுகளில் கடலுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே வைகைப் படுகைக்குள் மேலே ஒருவர் தேக்கினால் கீழே ஒருவருக்குக் குறையும். புதிய அணை கட்டினால் புதிய தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இங்கே பெரும்பாலும் கணக்குப் பிழை. இந்தப் படுகைக்கு வெளியிலிருந்து வரும் உண்மையான கூடுதல் நீர் ஒன்றே ஒன்றுதான்: மேற்கே பாய வேண்டிய பெரியாற்றைத் தேக்கடியில் மறித்து, சுரங்கம் வழியாக லோயர் கேம்ப்புக்கு இறக்கும் நீர். அதில் எவ்வளவு இந்தப் பக்கம் வருகிறது என்பதை அணையின் உயரமும் சுரங்கத்தின் அகலமும் தீர்மானிக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அதைப் பிடித்து வைக்கும் இடமும் தீர்மானிக்கிறது என்பதுதான் கவனிக்கப்படாத பாதி.

தென்மேற்குப் பருவத்தில் பெரியாறு நிரம்பும். கம்பம் பள்ளத்தாக்கோ மலையின் மழை மறைவில் கிடக்கும். ஜூன் 1 அன்று முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு விநாடிக்கு 200 கன அடி, குடிநீருக்கு 100 கன அடி. அதற்கு மேல் சுரங்கத்தில் வருவதெல்லாம் முல்லையாற்றில் ஓடி வைகை அணைக்குப் போய்விடும். வைகை அணையில் ஜூனில் பெரும்பாலும் இடம் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போன தண்ணீர் மேடேறிக் கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் போடிக்கும் திரும்பி வராது. பள்ளத்தாக்குக்கு என்று உள்ள இடம் அதன் குளங்களும் கண்மாய்களும்தான். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை தலைகீழ். இங்கேயே மழை கொட்டி, முல்லையாறும் கொட்டகுடியும் வராக நதியும் ஒருசேரப் பெருகும்போது, பெரியாற்றிலிருந்து எடுப்பதைக் குறைக்க வேண்டியிருக்கிறது. வைகை அணையில் 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. பிறகு வருவது அப்படியே வெளியே. ஆக, பருவத்துக்கு ஒரு விதமாக இடம் போதவில்லை: ஜூன், ஜூலையில் கண்மாயில், நவம்பர், டிசம்பரில் வைகை அணையில்.

இந்தப் பள்ளத்தாக்கின் வரலாறே ஒரு பொது முதலீட்டின் வரலாறு. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனையுடன் சேதுபதி சமஸ்தானத்துப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை 1798இல் ஆட்களை அனுப்பிப் பார்த்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் ஆய்வு செய்து, நடக்காத காரியம் என்று எழுதிவைத்தார். 1876-78 பஞ்சம் வந்து மதுரையையும் ராமநாதபுரத்தையும் பிணக்காடாக்கிய பிறகுதான் அரசாங்கத்துக்குப் புத்தி வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. 1895 அக்டோபரில் தண்ணீர் திறப்பு. யோசனைக்கும் மதகுக்கும் இடையே 97 ஆண்டுகள். கர்னல் பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதை கம்பம் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கல் வைக்கும் நன்றியுணர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்தக் கதை நம் கண்ணிலிருந்து ஒன்றை மறைத்துவிடுகிறது. அந்த அணைக்கான பணம் சென்னை மாகாணக் கருவூலத்துப் பணம். பாசன வரியாகத் திரும்ப வரும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட முதலீடு. ஒரு தியாகி வந்து கட்டிக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டால், அடுத்த தியாகிக்காகக் காத்திருப்போம். அரசாங்கம் கணக்குப் போட்டுக் கட்டியது என்று நினைத்தால்தான் இன்றைய அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கத் தோன்றும்.

விடுதலைக்குப் பிறகு 1959 ஜனவரியில் காமராஜர் வைகை அணையைத் திறந்து வைத்தார். நீர்மட்டம் 71 அடி, இன்றைய ஏட்டுக் கணக்கில் கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி. பெரியாறு, வைகைப் பாசனத்தில் 45,041 ஏக்கர் இருபோகமும் 1,05,002 ஏக்கர் ஒருபோகமும் இந்த அணையைத்தான் நம்பியிருக்கின்றன. பெரிய கொள்ளளவு என்று இந்தப் பகுதிக்குக் கிடைத்த கடைசிச் சேர்க்கை அது. அதன் பிறகு வந்தவற்றில் எடுத்துச் சொல்லத் தக்கவை எல்லாம் கால்வாய்கள். முல்லையாற்றில் பழைய வாய்க்கால்கள் 17 இருக்க, பதினெட்டாவதாக வெட்டியதால் 18ஆம் கால்வாய்; உத்தமபாளையம், போடி வட்டங்களில் 44 கண்மாய்களை நிரப்பி 4,614 ஏக்கருக்குப் பயன் தரும் என்பது திட்டம். பி.டி.ஆர். கால்வாயும் தந்தை பெரியார் கால்வாயும் சேர்ந்து 5,146 ஏக்கர். உசிலம்பட்டிப் பக்கம் போகும் 58 கிராமக் கால்வாய், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் எடுத்துப் பேசப்பட்டு 2018இல்தான் வெள்ளோட்டம் பார்த்தது. வைகை அணையில் 67 அடிக்கு மேல் இருந்தால்தான் அதில் தண்ணீர் ஏறும். 71 அடி அணையில் 67 அடிக்கு மேல் என்றால், நல்ல மழை ஆண்டின் சில வாரங்கள் என்று அர்த்தம். இந்தக் கால்வாய்கள் வேண்டாதவை என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வறண்ட பகுதியின் நியாயமான கோரிக்கையிலிருந்து வந்தது. ஆனால் எல்லாமே அதே இருப்பின் மேல் வைத்த புதிய உரிமைகள். வங்கியில் இருப்பு ஏறாமல் காசோலைப் புத்தகத்தை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போனோம்.

இருப்பு ஏறவில்லை என்பதோடு முடியவில்லை, குறைந்தும் வருகிறது. வருசநாட்டு மலைச் சரிவுகளில் காடு அழிய அழிய, மூல வைகை ஒவ்வொரு வெள்ளத்திலும் மேல்மண்ணைச் சுமந்து வந்து அணையின் அடியில் இறக்கி வைக்கிறது. இது வைகைக்கு மட்டும் வந்த நோய் இல்லை. உலகெங்கும் சுமார் 50,000 பெரிய அணைகளை எடுத்துக்கொண்டு ஐ.நா. பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2050க்குள் அவை தம் ஆதிக் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வண்டலுக்கு இழந்துவிடும் என்கிறது. வண்டல் படிந்த அணை தரும் கூடுதல் இடைஞ்சல், அதே நீர் ஆழம் குறைந்து அகலமாகப் பரவி நிற்பது; வெயில் குடிப்பதற்கு வசதி. 2017 ஏப்ரலில் வைகை அணை நீரின் மேல் தெர்மகோல் அட்டைகளை மிதக்கவிட்டு ஆவியாதலைத் தடுக்கப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட, நாடே சிரித்தது. சிரித்ததோடு விட்டுவிட்டோம் என்பதுதான் வருத்தம். ஆவியாகிப் போவது உண்மையான இழப்பு. அதைக் குறைக்க அட்டை போடுவதைவிட ஆழத்தை மீட்பதுதான் வழி என்ற பேச்சு அன்று எழுந்திருக்கலாம்.

அப்படியானால் வைகை அணையைத் தூர்வாரி முடிப்போம் என்று கிளம்பினால், கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு மில்லியன் கன அடி மண் என்பது, நம் ஊர் மண் வியாபாரக் கணக்கில், 10,000 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் 3,333 நடை. வைகை அணையில் 500 மில்லியன் கன அடி இடத்தை மீட்க விரும்பினால் சுமார் 16 லட்சத்து 67 ஆயிரம் நடை. நாளொன்றுக்கு 500 நடை, ஆண்டுக்கு 300 நாள் அடித்தாலும் 11 ஆண்டுகள் ஆகும். அணையில் தண்ணீர் நிற்கும் மாதங்களைக் கழித்தால் இன்னும் கூடும். அந்த மண்ணைக் கொட்டுவதற்கு இடமும் வேண்டும். ஆகவே தேர்தல் மேடையில் ‘வைகை அணை முழுமையாகத் தூர்வாரப்படும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. கோடையில் நீர் வற்றும் ஓரங்களில் ஆண்டுதோறும் கொஞ்சம் எடுப்பது, மேலே மூல வைகையின் ஓடைகளில் மண்ணைத் தடுப்பது, மலையில் மரம் நிற்கவிடுவது என்று பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை அது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் பகுதி 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டதை வனவிலங்குச் செய்தியாகவே படித்தோம். வைகை அணையின் ஆயுளைக் கூட்டப் போடப்பட்ட உத்தரவு என்றும் அதைப் படிக்கலாம்.

கண்மாய்க்கு வரும்போது இதே கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. 50 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஒரு கண்மாயில் ஓர் அடி ஆழம் வண்டல் எடுத்தால் சுமார் 2.2 மில்லியன் கன அடி இடம் கிடைக்கும். 7,300 டிப்பர் நடைக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு நூறு நடை என்றால் ஒரு கோடைக்குள் முடிந்துவிடும். மண்ணை எங்கே கொட்டுவது என்ற பிரச்சினையும் கிடையாது. கரம்பை மண் என்றால் தோட்டக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஏக்கருக்கு 25 நடை போட்டால் 290 ஏக்கர் நிலம் அதை வாங்கிக்கொள்ளும். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று விவசாயிகள் வண்டல் எடுக்கலாம் என்று 2024இல் விதியும் எளிதாக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அணையில் மீட்ட ஒரு கன அடி இடம் ஆண்டுக்கு ஒரு முறை நிரம்பினால் பெரிய விஷயம். சுரங்க நீர் ஓடும் பாதையிலோ 18ஆம் கால்வாய்ப் பாதையிலோ உள்ள கண்மாய் ஒரே பருவத்தில் இரண்டு, மூன்று முறை நிரம்பி வற்றலாம். வற்றுவதில் ஒரு பகுதி நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றுக்குப் போவது. பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். சின்னமனூர்ப் பக்கத்து வாழை வெளிநாட்டுக்குப் போவதில் பெருமை கொள்கிறோம். அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை வாய்க்கால் தண்ணீரை நேராகப் பார்த்ததில்லை. கிணறும் போர்வெல்லும்தான் அவற்றுக்கு உயிர். கூடலூர் ஒட்டான்குளத்திலும் கம்பம் வீரப்பநாயக்கன்குளத்திலும் போடி மீனாட்சியம்மன் கண்மாயிலும் தண்ணீர் நிற்பதுதான் அந்த உயிருக்கு ஊற்று. சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு விழுக்காடு மானியம் தருகிறோம். சொட்டுவதற்கு நிலத்தடியில் தண்ணீர் வேண்டாமா?

18ஆம் கால்வாய்க்கு வழக்கமாகப் பிறப்பிக்கும் அரசாணையைப் பாருங்கள்: விநாடிக்கு 98 கன அடி வீதம் 30 நாள், மொத்தம் 255 மில்லியன் கன அடி. தேக்கடிச் சுரங்கத்தின் திறன் விநாடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கன அடி. அது முழுதாக ஓடும் ஒரு நாளில் சுமார் 173 மில்லியன் கன அடி வரும். 44 கண்மாய்களுக்கு ஓர் ஆண்டுக்கு நாம் ஒதுக்குவது சுரங்கத்தின் ஒன்றரை நாள் தண்ணீர்! கால்வாய் அவ்வளவு வேகமாகச் சுமக்காது என்பதால் ஒன்றரை நாளில் நிரப்பிவிட முடியாதுதான். ஜூன் மாதத்தில் பெரியாறு மட்டம் ஏறத் தொடங்கும்போதே சிறிது சிறிதாக எடுத்துக் கண்மாய்களுக்கு அனுப்பினால், ரூல் கர்வ் வரம்பைத் தொடும் நாள் தள்ளிப் போகும். இடுக்கிக்குப் போகும் உபரியும் அந்த அளவுக்குக் குறையும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்: நீங்கள் மேலே பிடித்துக்கொண்டால் எங்களுக்கு? அதனால்தான் இதற்கு ஒரு விதி வேண்டும் என்கிறேன். பெரியாற்றின் மட்டம் அந்தந்த மாதத்து வரம்பை நெருங்கும் காலத்தில் மட்டும் பள்ளத்தாக்குக் கண்மாய்களுக்கு நீர். மட்டம் தாழ்ந்திருக்கும் ஆண்டில் கீழ்ப்பகுதிக்கே முதலிடம். மேற்கே போகவிருந்த நீரை மறித்துப் பிடிப்பதில் கீழே யாருக்கும் நட்டமில்லை.

எதிர்வாதங்களில் முதலாவது, உணர்ச்சி மிகுந்தது. பெரியாறு அணையில் 152 அடி நம் உரிமை. அதை விட்டுவிட்டுக் கண்மாயில் மண் அள்ளுவதைப் பற்றிப் பேசினால் வழக்கு வலுவிழக்காதா என்பார்கள். 1979இல் 136 அடியாகக் குறைத்ததில் இழந்ததை மீட்க இத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2006இலும், பிறகு 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு வழிவிட்டது. பக்கத்துத் துணை அணையான பேபி அணையை வலுப்படுத்தி 152க்குப் போகும் வழியையும் அடைக்கவில்லை. 142 அடியில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இருப்பு சுமார் 7.6 டிஎம்சி, 152 அடியில் சுமார் 10.5. இந்த மூன்று டிஎம்சி வேடிக்கையான தொகை இல்லை. அதற்கான வழக்கை நடத்தியே ஆக வேண்டும். ஆனால் வழக்கு நடத்துவதற்கும் வண்டல் எடுப்பதற்கும் ஒரே பணமும் ஒரே ஆட்களும் தேவைப்படுவதில்லை. ஒன்று டெல்லியில் வழக்கறிஞர்களின் வேலை, மற்றொன்று உத்தமபாளையத்தில் உதவிப் பொறியாளரின் வேலை. நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு 2012 அறிக்கையில் 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் என்ற மாற்று யோசனையையும் சொல்லியிருக்கிறது. இன்றுள்ள சுரங்கம் 104 அடிக்குக் கீழே உள்ள நீரைத் தொடாது என்பதால் அந்த யோசனையை இங்கே பலர் விரும்புகிறார்கள். நாளையே அது நடந்தாலும் கூடுதல் நீர் வந்து சேரும் இடம் முல்லையாறு. வைக்க இடமில்லாத வீட்டுக்கு வாசலை அகலமாக்கி என்ன பயன்?

இரண்டாவது வாதம் மூல வைகையில் புதிய அணை. வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பகுதி மக்களின் கோரிக்கைக்குப் பின்னால் ஒரு நியாயமான கசப்பு இருக்கிறது. வைகை அணை ஆண்டிபட்டி வட்டத்தில் இருந்தும் ஆண்டிபட்டி நிலங்களுக்கு அதிலிருந்து பாசனம் இல்லை. நிலம் கொடுத்தவர்கள் கரையில் நின்று பார்க்க, தண்ணீர் பேரணைக்குப் போகிறது. இந்த அநியாயத்துக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும். அதற்குப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் ஓர் அணை என்பது வன அனுமதியிலும் வழக்கிலும் ஒரு தலைமுறையைத் தின்னும் வழி. பெரியகுளத்துக்கு மேலே சோத்துப்பாறை அணை 126 அடி உயரம், 100 மில்லியன் கன அடிதான். எண்பதுகளில் தொடங்கிய வேலை முடிந்து பயனுக்கு வந்தபோது நூற்றாண்டே மாறிவிட்டது. வைகைப் படுகைக்குள்ளேயே புதிய அணை வந்தால் கீழே ராமநாதபுரத்துக் கண்மாய்தான் அதற்கு விலை கொடுக்கும் என்பதையும் முன்பே சொன்னேன். மூல வைகையின் ஓடைகளில் மண்ணையும் நீரையும் சேர்த்துப் பிடிக்கும் சிறு தடுப்பணைகள், அந்த ஒன்றியங்களின் கண்மாய்களுக்கு முன்னுரிமை என்று தொடங்கினால், அணைக்காகக் காத்திருக்கும் பேரன் காலத்துக்குப் பதிலாக இப்போதைய விவசாயியே பலனைப் பார்ப்பார்.

மூன்றாவது, கொஞ்சம் சங்கடமான கேள்வி: இதெல்லாம் குடிமராமத்தில் செய்துவிட்டோமே, எங்கே போயிற்று? 2017இல் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுக்கு அறிவிப்பு. வகுத்துப் பார்த்தால் பணிக்கு ஆறரை லட்சம். 2019-20இல் சுமார் 500 கோடியில் 1,829 பணிகள். சராசரி 27 லட்சம். கரை பலப்படுத்தல், மதகு, கலுங்கு பழுதுபார்த்தல் எல்லாம் அந்தத் தொகைக்குள். பல ஊர்களில் நல்ல வேலை நடந்தது. சில ஊர்களில் கரை மேல் மண்ணைச் சீவிப் போட்டுப் பலகை நட்டதோடு சரி என்ற புகாரும் வந்தது. எது எந்த ஊர் என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாமல் போனதுதான் அந்தத் திட்டத்தின் பலவீனம். வேலைக்கு முன்னும் பின்னும் கண்மாயின் ஆழத்தை அளந்து, எத்தனை மில்லியன் கன அடி கூடியது என்று ஊர்ச் சாவடியில் எழுதி வைத்து, அந்த அளவுக்குத்தான் பணம் என்றிருந்தால் புகாருக்கே இடம் குறைவு. இன்று ட்ரோனும் ஜிபிஎஸ் கருவியும் நிலம் அளக்கும் தொழிலில் சாதாரணமாகிவிட்டன. அளக்க முடியாது என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. தெலங்கானா ஒரே பத்தாண்டில் இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்த மாநிலம். 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயாவில் 46,000க்கு மேற்பட்ட ஏரிகளை இலக்காக வைத்து வண்டலை விவசாயிகளின் வயலுக்கு அனுப்பியது. மறுபக்கம், 80,000 கோடிக்கு மேல் விழுங்கிய காளேஸ்வரம். 2019இல் திறந்த அந்தத் திட்டத்தின் மேடிகட்டா தடுப்பணையில் 2023 அக்டோபரில் தூண்கள் அமிழ்ந்துபோயின. ஏரித் திட்டத்திலும் குறைகள் உண்டு. ஆனால் ஒரு கண்மாய் வேலை தோற்றால் நட்டம் சில லட்சம், அடுத்த ஊரில் திருத்திக்கொள்ளலாம். ஒரே தூணில் ஒரு மாநிலத்தின் கடனையே ஏற்றி வைப்பது வேறு விஷயம்.

பணம் எங்கிருந்து என்று கேட்டால், கொஞ்சம் மதுரையிலிருந்து என்று தயங்காமல் சொல்லலாம். லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்குக் குடிநீர் கொண்டுபோகும் குழாய்த் திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆயிரம் கோடியைத் தாண்டிய திட்டம். கம்பம், கூடலூர் விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆற்றில் ஓடினால் வழியில் கிணறுகள் ஊறும், குழாயில் போனால் யாருக்கும் ஊறாது என்ற அவர்கள் வாதத்தில் பொய்யில்லை. மதுரைக்குக் குடிநீர் வேண்டாம் என்றும் யாரும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்து வைக்கும் வழி, அந்தத் தண்ணீருக்கு நகரம் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை மேலே உள்ள குளங்களுக்கும் மலைச் சரிவுகளுக்கும் நிரந்தரமாகத் திருப்புவது. நியூயார்க் நகரம் 1997இல் இதைத்தான் செய்தது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, தனக்குத் தண்ணீர் தரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியின் கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் பணம் கொடுத்து நீர்ப்பிடிப்பைக் காப்பது மலிவு என்று கணக்குப் பார்த்து ஒப்பந்தம் போட்டது. நம் கணக்கு அவ்வளவு பெரியதில்லை. ஆயிரம் கோடி ரூபாய்க் குழாயின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு என்றால் பத்துக் கோடி. குடிமராமத்தின் 27 லட்ச ரூபாய்ச் சராசரியில் அது ஆண்டுக்கு 37 கண்மாய் வேலை. ஒரு முறை அறிவித்து, மூன்றாம் ஆண்டில் மறந்துபோகும் திட்டமாக அல்லாமல், ஊழியர் சம்பளம் போல ஆண்டுதோறும் வந்தே தீரும் ஒதுக்கீடாக அது இருக்க வேண்டும். வண்டல் ஆண்டுதோறும் வந்துகொண்டுதானே இருக்கிறது?

நீர்வளத் துறை 2021இல் தனித் துறையானபோது, பொதுப்பணித் துறையின் கட்டடங்களுக்கு நடுவே இனி தண்ணீர் தொலைந்து போகாது என்று எதிர்பார்த்தோம். அந்தத் துறை தேனி மாவட்டத்துக்கு முதலில் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை: மாவட்டத்தின் ஒவ்வொரு கண்மாய்க்கும், ஒவ்வொரு அணைக்கும் ஆதிக் கொள்ளளவு எவ்வளவு, இன்று எவ்வளவு, கடைசியாக அளந்தது எந்த ஆண்டு என்ற மூன்று எண்களை அச்சிட்டு வெளியிடுவது. அடுத்த ஜூன் 1 அன்று தேக்கடியில் அமைச்சரும் ஆட்சியரும் மதகைத் திறந்து பூத் தூவும் நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள், கைகுலுக்கிவிட்டுத் திரும்பாமல், தங்கள் ஊர்க் கண்மாயின் அந்த மூன்று எண்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும்.